உலக வங்கி, ஏ.டி.பி., ஜைக்கா டெண்டர்கள்: சேலத்து ஒப்பந்ததாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் 15 வருடமாக டெண்டர் காகிதம் தயார் செய்து கொடுக்கிறேன். ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, ஏற்காடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். பாலம், தடுப்புச்சுவர், ஏரி மதகு, குடிநீர்த் தொட்டி கட்டுகிறவர்கள். கைவேலை சுத்தமானவர்கள். ஆனால் வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வேலை என்றதும் "அது பெரிய கம்பெனிக்காரங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை என்பதால்தான் என் மேசைக்கு வரும் கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

உலக வங்கி டெண்டர் என்றால் யாரிடம் போட வேண்டும்? வாஷிங்டனுக்கா?

இல்லை. வங்கி கடன் கொடுக்கிறது, அரசு வாங்குகிறது, துறை டெண்டர் விடுகிறது. நீங்கள் கையெழுத்துப் போடுவது நெடுஞ்சாலைத் துறையோடோ, நீர்வளத் துறையோடோ, ஒரு மாநகராட்சியோடோதான். பில் பாஸ் செய்வதும் அவர்களே. வங்கி தன் கொள்முதல் விதிகளைக் கடன் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துவிடும். பெரிய ஒப்பந்தங்களை முன்கூட்டியே பார்த்து "ஆட்சேபணை இல்லை" என்று சொல்லும். சின்னவற்றை முடிந்த பிறகு எடுத்துத் தணிக்கை செய்யும்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1965 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்த தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. அதற்காகக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜைக்கா எனும் ஜப்பான் அரசு உதவி நிறுவனத்தின் கடனில் நடந்தது, 2013-இல் திறந்தார்கள். சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தில் சுமார் 590 கி.மீ. மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்த ஏ.டி.பி. எனும் ஆசிய வளர்ச்சி வங்கியோடு 2021-இல் 48.4 கோடி டாலருக்குக் கடன் ஒப்பந்தம் ஆனது. ஊரகத் தொழில்களுக்கான 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டமும், நீர்ப்பாசன நவீனமயமாக்கல் திட்டமும் உலக வங்கிப் பணம். இதில் எந்த வேலைக்கும் வெளிநாட்டு விசா எடுக்க வேண்டியதில்லை.

அறிவிப்பு எங்கே வரும்? எப்போதும் கடைசி வாரத்தில்தான் கண்ணில் படுகிறது.

டெண்டர் அறிவிப்புக்காகக் காத்திருந்தால் அப்படித்தான் ஆகும். அதற்கும் முன்னால் 'கொள்முதல் திட்டம்' என்று ஒரு பட்டியல் வெளியாகும். எந்தெந்த வேலை, எந்த முறையில், ஏறக்குறைய எந்த மாதத்தில் டெண்டருக்கு வரும் என்பது அதில் இருக்கும். உலக வங்கித் திட்டங்களில் கடன் தொடங்கும்போதே குறைந்தது முதல் 18 மாதங்களுக்கு இதைப் போட வேண்டும், பிறகு புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். வங்கியின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தட்டினால் இலவசமாகப் பார்க்கலாம். என்னிடம் வருகிறவர்களில் இதைப் பார்த்திருப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆறு மாதம் முன்பே வேலை வருவது தெரிந்தால், குறைகிற காகிதத்தைச் சேர்க்க ஆறு மாதம் கிடைக்கும்.

டெண்டர் வந்த பிறகு தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்திலோ மத்திய அரசின் கொள்முதல் தளத்திலோதான் போட வேண்டும். மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவசியம். உங்கள் பெயரில் எடுங்கள். டோக்கனையும் கடவுச்சொல்லையும் டைப் அடிக்கும் பையனிடம் கொடுத்து வைக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து.

வழக்கமான பொதுப்பணித் துறை டெண்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் ஆட்கள் தடுமாறும் மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் பதிவு வகுப்பை வைத்து இங்கே தகுதி முடிவாகாது. டெண்டர் புத்தகத்தின் மூன்றாம் பகுதியில் மதிப்பீட்டு, தகுதி விதிகள் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும். இருந்தால் தேர்வு, இல்லையென்றால் இல்லை.

அடுத்தது, சிறு தொழில் என்ற சலுகை. உத்யம் எனும் சிறு தொழில் பதிவுச் சான்று இருக்கிறது, டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்பணம் (இ.எம்.டி.) வேண்டாம், விலையிலும் சலுகை உண்டு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உலக வங்கிப் பணத்தில் நடக்கும் உள்நாட்டுப் போட்டி டெண்டர்களில் சிறு தொழிலுக்கோ, அரசு நிறுவனத்துக்கோ, குறிப்பிட்ட மாநிலத்துக்காரருக்கோ விலைச் சலுகை கிடையாது. முன்பண விலக்கு உண்டு என்று டெண்டர் புத்தகத்தில் எழுதியிருந்தால் ஒழிய அதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, பேரம். குறைந்த விலை போட்டவரைக் கூப்பிட்டு "இன்னும் கொஞ்சம் குறைங்க" என்று கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. அதனால் குறைப்பதற்கென்று விலையில் ஏற்றி வைப்பது வீண். போடுகிற விலைதான் முடிவு விலை.

எனக்கு அவ்வளவு டர்ன்ஓவரும் இல்லை, அதே மாதிரி வேலையும் என் பெயரில் இல்லை. என்ன செய்வது?

முதலில், உங்கள் பெயரில் இல்லை என்பது உண்மைதானா என்று பாருங்கள். குறிப்பிட்ட அனுபவம் என்ற பத்தியில், முதன்மை ஒப்பந்ததாரராகவோ, கூட்டு நிறுவனத்தில் பங்காளியாகவோ, துணை ஒப்பந்ததாரராகவோ செய்த வேலை என்று உலக வங்கியின் மாதிரி ஆவணங்களில் எழுதியிருக்கும். துணை ஒப்பந்தமும் கணக்கில் வரும்! பெரிய கம்பெனிக்குக் கீழே நாலு வழிச்சாலையில் கல்வெர்ட் கட்டினவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! ஆனால் முக்கால்வாசிப் பேரிடம் வேலை ஆணையே இருக்காது. "மேனேஜர் போன்ல சொன்னார், செஞ்சோம்" என்பார்கள். அடுத்த துணை ஒப்பந்தத்துக்குப் போகும்போது எழுத்தில் ஆணை, அளவு விவரம், முடித்ததற்கான சான்று, டி.டி.எஸ். பதிவு நான்கையும் வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள்.

இரண்டாவது வழி ஜே.வி. எனும் கூட்டு. இருவர் சேர்ந்தால் டர்ன்ஓவரைக் கூட்டிக் காட்டலாம், ஆனால் ஒவ்வொரு பங்காளியும் தனியாக எட்ட வேண்டிய குறைந்தபட்ச அளவும் இருக்கும். பழைய கூட்டு வேலையைக் காட்டினால் அதில் உங்கள் பங்கு மட்டும்தான் கணக்கு. ஒன்றை மறக்க வேண்டாம்: கூட்டில் சேர்ந்தால் பொறுப்பு இருவருக்கும் முழுமையாக உண்டு. பங்காளி பாதியில் போய்விட்டால் மீதி வேலை உங்கள் தலையில். சொந்தக்காரர் என்பதற்காகச் சேராதீர்கள், அவருடைய பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்துச் சேருங்கள்.

மூன்றாவது, சின்னதாகத் தொடங்குவது. மூன்று விலைப்புள்ளி வாங்கிக் கொடுக்கும் சிறு வேலைகள் இந்தத் திட்டங்களிலும் வரும். ஒரு சேமிப்புக் கிடங்கு, ஒரு கட்டடப் பழுது. தொகை சிறியது, ஆனால் முடித்ததற்கான சான்றில் திட்டத்தின் பெயர் இருக்கும்.

நல்ல விலை போட்டும் ஏன் தள்ளுபடி ஆகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன். என் அனுபவத்தில் நம் ஊர்க்காரர்கள் விலையில் தோற்பது குறைவு. காகிதத்தில்தான் தோற்கிறார்கள்.

டெண்டர் முன்பணத்துக்காக உங்கள் வங்கி எழுதிக் கொடுக்கும் உத்தரவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெண்டர் செல்லுபடிக் காலம் முடிந்து இன்னும் 28 நாள் வரை அது உயிரோடு இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. டெண்டர் கடைசி நாள் மார்ச் 10, செல்லுபடி 120 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 8 வரை டெண்டர், ஆகஸ்ட் 5 வரை உத்தரவாதம். ஒருவர் வங்கியில் போய் "நாலு மாசத்துக்குக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். ஜூலை 10 என்று இருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாலை 3 மணிக்கு டெண்டர் மூடுகிறது, அப்போது மணி 12. வங்கியில் திருத்திக் கொடுக்க மறுநாள் ஆகும் என்றார்கள். மூன்று மாத உழைப்பு அதோடு போயிற்று. இப்போது சில ஆவணங்களில் நாள் கணக்குக்குப் பதில் தேதியையே போட்டுவிடுகிறார்கள். அப்போதும் அந்தத் தேதிக்கு மேல் 28 நாளைக் கூட்டிக் காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். உத்தரவாதத்தின் வாசகமும் டெண்டர் புத்தகத்தில் உள்ள படிவத்தின் வாசகமாகவே இருக்கட்டும். வங்கி தன் வழக்கமான படிவத்தில் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் விலை அட்டவணை. தளத்திலிருந்து இறக்கும் எக்செல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது, வரி சேர்க்கக் கூடாது, நீலக் கட்டம் தவிர எதையும் தொடக் கூடாது. ஏதாவது ஓர் இனத்துக்கு விலை போடாமல் விட்டால் அது மற்ற விலைகளுக்குள் அடங்கியதாகக் கொள்வார்கள். வேலையைச் செய்ய வேண்டும், பணம் வராது. காகிதத்தில் கொடுக்கும் விலைப்பட்டியலில் தனி விலைக்கும் மொத்தத்துக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் பொதுவாகத் தனி விலையே நிற்கும். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்து நிற்கும்.

கையெழுத்துப் போடுகிறவருக்கு அதிகாரப் பத்திரம் இருக்கிறதா, கூட்டு என்றால் எல்லாப் பங்காளியும் கொடுத்திருக்கிறார்களா, திருத்த அறிவிப்புகள் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டதாக டெண்டர் கடிதத்தில் எழுதியாயிற்றா என்பதையும் பாருங்கள். கடைசி நாள் மதியம் தளம் மெதுவாக நகரும். முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். மூடும் நேரத்துக்குள் திரும்ப ஏற்றித் திருத்த வழி உண்டு. ஆனால் 'வாபஸ்' என்ற பொத்தானை அழுத்திவிட்டால் அதே டெண்டருக்கு மறுபடி போட முடியாது.

ஏற்காட்டு மலை மேல் வேலை. விலை எப்படிப் போடுவது?

மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான். இடத்தைப் பார்த்ததாக நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகு "வழி குறுகல்னு தெரியாதுங்க" என்று சொல்ல முடியாது.

ஒருமுறை நாகலூர் பக்கம் ஒரு தடுப்புச்சுவர் வேலைக்கு விலை போட வேண்டியிருந்தது. வாழப்பாடிக்காரர் ஒருவரும் நானும் டி.வி.எஸ். எக்ஸெல்லில் போனோம். அடிவாரத்தில் மீட்டரைக் குறித்துக்கொண்டார். 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு வளைவிலும் நின்று, எதிரே பஸ் வந்தால் ஜல்லி லாரி எங்கே ஒதுங்கும் என்று பார்த்தார். ஏற்காட்டைத் தாண்டிக் காப்பித் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் கடைசித் தூரத்துக்கு லாரி நுழையாது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே எட்டடிதான் இடைவெளி. அங்கேயே இறங்கிக் காலால் அளந்தார். 340 தப்படி.

திரும்பி வரும்போது டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கீழே மூன்று யூனிட் ஏற்றும் வண்டிக்கு மலையில் இரண்டு. கீழே ஐந்து நடை என்றால் இங்கே இரண்டு நடை. கடைசி இடத்தில் லாரியிலிருந்து இறக்கி டிராக்டரில் ஏற்றும் மறு ஏற்றுக்கூலி. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் பகலில் லாரி நகராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் பாதையில் சக்கரம் புதையும். சிமென்ட் மூட்டையை மூடுபனியில் வெளியே வைக்க முடியாது, தகரக் கொட்டகை வேண்டும். இவ்வளவும் விலைக்குள் வந்தன. விலை திறந்தபோது அவரைவிடக் குறைவாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருடைய அனுபவச் சான்று போதவில்லை. இன்னொருவரிடம் விலை விளக்கம் கேட்டார்கள், மலைக்கு ஏற்றும் கூலியை எங்கே சேர்த்தார் என்று அவரால் காட்ட முடியவில்லை. வேலை வாழப்பாடிக்காரருக்கு வந்தது. அந்தச் சுவர் நாலு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு இன்றும் நேராக நிற்கிறது.

அப்படியானால் ரொம்பக் குறைத்துப் போட்டால் கிடைக்காதா?

நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விவரம் கேட்பார்கள், விளக்கம் திருப்தியில்லை என்றால் நிராகரிக்கலாம். சில இனங்களில் ஏற்றி, சிலவற்றில் இறக்கி வைத்தாலும் விலைப் பகுப்பாய்வு கேட்டு, வேலையை முடிப்பதற்குப் பிணையாகக் கொடுக்கும் தொகையைக் கூட்டச் சொல்லலாம். இன்னொன்று: சர்வதேசப் போட்டிக்கு விடும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போடுவதை உலக வங்கி 2023 செப்டம்பரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. பெரிய வேலையில் கூட்டுச் சேர்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுற்றுச்சூழல், சமூகம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறதே, அதை நிரப்பித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம். நெட்டிலிருந்து எடுத்து ஒட்டினால் தெரிந்துவிடும். மலை வேலை என்றால் நான் இப்படி எழுதச் சொல்வேன்: தொழிலாளர் கொட்டகை எங்கே, ஊற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் கழிப்பறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் விளக்கும் உண்டா, தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள். ஓடையில் தள்ளினால் கீழே உள்ள ஊருக்குத் தண்ணீர் கலங்கும், அந்த ஊர் மக்கள் மனு கொடுப்பார்கள், வேலை நிற்கும். நடத்தை விதிகளைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ் மட்டும் போதாது, இப்போது பாதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். பெண் தொழிலாளரிடம் அத்துமீறினால் என்ன நடவடிக்கை என்பதும் அதில் இருக்கும். நம் வீட்டுப் பெண் அங்கே கல் சுமந்தால் என்ன கேட்போமோ, அதைத்தான் அந்தப் பக்கங்களும் கேட்கின்றன.

அனுபவச் சான்றில் தொகையைக் கொஞ்சம் கூட்டிப் போடலாமா? எல்லாரும் செய்கிறார்களே.

வேண்டவே வேண்டாம். இதைக் கேட்கிறவருக்கு நான் காகிதம் தயார் செய்வதில்லை. பொய்ச் சான்று வங்கி விதிப்படி மோசடி. லஞ்சம், மிரட்டல், உள்கூட்டு, விசாரணையைத் தடுப்பது ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் அது இருக்கிறது. சான்று கொடுத்த அலுவலகத்துக்கே கடிதம் எழுதிச் சரிபார்ப்பார்கள். தடை என்றால் வழக்கமாக மூன்று வருடத்திலிருந்து தொடங்கும், பெயர் இணையத்தில் உலகத்துக்கே தெரியும். உலக வங்கி, ஆசிய, ஆப்பிரிக்க, ஐரோப்பிய, அமெரிக்க வளர்ச்சி வங்கிகள் ஐந்தும் 2010-இல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஒரு வங்கி ஒரு வருடத்துக்கு மேல் தடை செய்தால் மற்றவையும் அதை ஏற்றுக்கொள்ளும். பத்து லட்சத்தைக் கூட்டிப் போட்டு ஐந்து கதவையும் மூடிக்கொள்வானேன்?

"உலக வங்கியில் ஆள் இருக்கிறார், கமிஷன் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்கிறாரே ஒருவர்?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் வாங்கித் தர வங்கிக்கு ஏஜென்ட் யாரும் கிடையாது.

தோற்றுவிட்டேன். காரணம் தெரிந்துகொள்ள உரிமை உண்டா?

உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. உலக வங்கி விதிகளில், யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவிப்பு வரும். பிறகு பொதுவாக 10 வேலை நாள் காத்திருப்பு. அறிவிப்பு வந்த 3 வேலை நாளுக்குள் எழுதிக் கேட்டால் 5 வேலை நாளுக்குள் உங்கள் டெண்டர் எங்கே குறைபட்டது என்று விளக்க வேண்டும். கோபமாக எழுத வேண்டாம், நாலு வரி போதும். அப்படிக் கேட்டு வாங்கிய விளக்கத்தை ஒருவர் லேமினேட் செய்து மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறார்: "பணப்புழக்க ஆதாரம் இணைக்கப்படவில்லை." அடுத்த டெண்டரில் முதல் பக்கத்திலேயே வங்கியின் கடன் வசதிக் கடிதத்தை வைத்தார்.

பணம் ஒழுங்காக வருமா?

சிறு கட்டுமான வேலைகளுக்கான உலக வங்கி மாதிரி ஒப்பந்தத்தில், அளந்து சான்று கொடுத்த 28 நாளுக்குள் பணம் என்று இருக்கும். தாமதமானால் வட்டி கேட்கலாம். 18 மாதத்துக்கு மேல் நீளும் வேலையில் விலையேற்றச் சரிக்கட்டல் இருக்க வேண்டும். தகராறு வந்தால் முதலில் நடுவரிடம் போகலாம். இதெல்லாம் உங்கள் ஒப்பந்தத்தின் சிறப்பு நிபந்தனைகளில் எப்படி நிரப்பியிருக்கிறது என்று படித்த பிறகே விலை போடுங்கள். சந்தேகம் இருந்தால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் எல்லாருக்கும் எழுத்தில் வரும். கூட்டம் முடிந்து வராந்தாவில் பொறியாளர் சொன்னது செல்லாது.

நான் கட்டுமானக்காரன் இல்லை. ஆய்வு, பயிற்சி, மேற்பார்வை செய்யும் சிறு நிறுவனம். எனக்கு இடம் உண்டா?

உண்டு, பாதை வேறு. முதலில் விருப்பக் கடிதம் மட்டும் கேட்பார்கள், அதில் விலை எழுதக் கூடாது. அதிலிருந்து ஐந்து முதல் எட்டு நிறுவனங்களைத் தேர்ந்து முன்மொழிவு கேட்பார்கள். தொழில்நுட்பத்துக்கு 80, விலைக்கு 20 என்பது போன்ற பங்கீட்டில் மதிப்பெண் போடுவார்கள். அதாவது ஆட்களின் தகுதிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். கல்லூரிப் பேராசிரியரின் விவரக்குறிப்பை அவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். அந்த வேலை நடக்கும் மாதங்களில் அவர் வர முடியுமா என்று கேட்டு, அவர் கையாலேயே கையெழுத்து வாங்குங்கள்.

முதல் டெண்டருக்கு என்றைக்குத் தொடங்குவது?

இன்றைக்கே. ஐந்து வருட ஆடிட் கணக்கு, முடித்த வேலைகளின் சான்று, நடப்பு வேலைகளின் பட்டியல், வழக்கு ஏதும் இருந்தால் அதன் விவரம், இயந்திரங்களின் ஆர்.சி. நகல், பொறியாளர்களின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் போடுங்கள். பிறகு ஏதாவது ஒரு பழைய டெண்டர் புத்தகத்தை இறக்கி, மூன்றாம் பகுதியை மட்டும் அச்சடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்களிடம் இருக்கிற காகிதத்தின் பெயரை பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கிற வரியோடு என் அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறந்திருக்கும்.